ரோபோவை உடைத்துப் பார்த்த ஐந்து ஆண்டுகள்

2021 பிப்ரவரியில் ஒரு நாள், விடிகாலை மூன்றேகால் மணிக்கு, தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் நானும் என் அக்கா மகனும் கணினித் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். காசிமேட்டு ஏலத்துக்குப் போகும் பெண்கள் அன்னக்கூடைகளோடு ஆட்டோவில் ஏறும் சத்தம் கீழே தெருவிலிருந்து கேட்டது. எங்கள் ரோபோ, அதாவது நாணயங்களைத் தானாகவே வாங்கி விற்கும் கணினி நிரல், அப்போது உண்மைப் பணமில்லாத பயிற்சிக் கணக்கான டெமோ கணக்கில் யூரோ–டாலர் இணையை வாங்கி வைத்திருந்தது. நான்கு ஆண்டுகளின் பழைய விலைகளில் ஓட்டிப் பார்த்தபோது மிக நன்றாகத் தேறிய ரோபோ அது. மணி மூன்றரை ஆனது. அதுவரை ஒரு பிப் (யூரோ–டாலர் விலையில் 0.0001) அளவில் நின்றிருந்த ஸ்பிரெட் கண்ணெதிரே ஏழு பிப்புக்கு விரிந்தது. சந்தை எந்தப் பக்கமும் நகரவில்லை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலிருந்த இடைவெளி மட்டும் அகன்று, கீழ் விலை, நஷ்டத்தை நிறுத்த நாங்கள் முன்பே குறித்துவைத்த எல்லையான ஸ்டாப் லாஸைத் தொட்டது. வர்த்தகம் நஷ்டத்தில் முடிந்தது. ஐந்து நிமிடத்தில் ஸ்பிரெட் பழையபடி ஒரு பிப்புக்குத் திரும்பியது.

அது தற்செயலாக நடந்ததன்று. நியூயார்க்கில் மாலை ஐந்து மணி ஆகும்போது அந்நியச் செலாவணிச் சந்தையில் ஒரு நாள் முடிந்து அடுத்த நாளின் கணக்கு தொடங்குகிறது. குளிர்காலத்தில் அது நமக்கு விடிகாலை மூன்றரை மணி. அமெரிக்காவில் கோடைக்காலக் கடிகாரம் நடக்கும் மாதங்களில் இரண்டரை மணி. அமெரிக்க வங்கிகள் மூடிவிட்ட, ஆசிய வங்கிகள் இன்னும் முழுதாகத் திறக்காத அந்தச் சில நிமிடங்களில் விலை கொடுப்போர் குறைந்துவிடுவதால் ஸ்பிரெட் விரிகிறது. இரவைத் தாண்டி வைத்திருக்கும் நிலைகளுக்கு உரிய வட்டி வித்தியாசமான சுவாப்பும் அப்போதுதான் கணக்கில் ஏறுகிறது. யூரோ–டாலர் இணைக்குப் புதன்கிழமை இரவில் மூன்று நாள் சுவாப் ஒன்றாக ஏறும். நாங்களோ சோதனையில் ஸ்பிரெட்டை ஒரு பிப் என்று நிலையாக வைத்திருந்தோம். ஆகவே, எங்கள் சோதனையின் உலகத்தில் அந்த ஐந்து நிமிடங்கள் இருக்கவே இல்லை. அந்த ரோபோவின் வர்த்தகங்களில் பெரும்பகுதியோ அந்த விடிகாலை நேரத்தை ஒட்டியே நடப்பவை.

நான் பாரிமுனையில் ஒரு சுங்க முகவர் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணக்கு எழுதுகிறேன். கப்பல் கட்டணம் டாலரில் வரும், வரி ரூபாயில் போகும், நடுவில் விலை மாறும்; ஆகவே காலையில் டாலர் விலையைக் குறித்துக்கொள்வது என் வேலையின் ஒரு பகுதி. 2020 பொதுமுடக்கத்தின்போது, பொறியியல் படித்துக்கொண்டிருந்த அக்கா மகன் எங்கள் வீட்டில் வந்து தங்கினான். அவனுக்கு நிரல் எழுதத் தெரியும், எனக்குப் பேரேட்டில் பிழை தேடத் தெரியும். அவன்தான் மெட்டாட்ரேடர் 5 எனும் வர்த்தக மென்பொருளை இறக்கி, அதற்கான எம்.க்யூ.எல். மொழியில் முதல் ரோபோவை எழுதினான். அன்று தொடங்கியதில் நான் கற்றுக்கொண்டதை, இதில் இறங்க நினைக்கும் நம் பகுதி இளைஞர்களுக்காக எழுதுகிறேன். இந்த ஐந்து ஆண்டுகளில் என் எண்ணம் ஒன்றில் உறுதியாகிவிட்டது: சோதனை என்பது ரோபோ எவ்வளவு சம்பாதிக்கும் என்று பார்ப்பதற்கான கருவி அன்று, அது எந்த இடத்தில் உடையும் என்று தேடுவதற்கான கருவி. தணிக்கையாளர் ஒரு நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தை அணுகும் மனநிலையோடுதான் பேக்டெஸ்ட் எனும் பழைய விலைச் சோதனையின் அறிக்கையையும் அணுக வேண்டும்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதைக் கடைசியில்தான் விசாரிக்கிறார்கள். இந்தியாவில் வசிப்பவர், 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, அனுமதி பெற்றவர்களிடம் மட்டுமே, ரிசர்வ் வங்கி அனுமதித்த தளங்களிலோ அங்கீகரிக்கப்பட்ட பங்குச் சந்தைகளிலோ மட்டுமே நாணய வர்த்தகம் செய்யலாம். வெளிநாட்டு இணையத் தளங்களுக்கு மார்ஜின் எனும் பிணைப் பணம் அனுப்புவதற்குத் தாராளப்படுத்தப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்திலும் இடமில்லை. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அனுமதியில்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை வெளியிட்டது. அதன் பிறகும் அதில் பெயர்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே ஒரு தளம் அனுமதி பெற்றதாகிவிடாது. ஆகவே யூரோ–டாலர் போன்ற இணைகளில் நாங்கள் செய்தவை அனைத்தும் டெமோ கணக்கில், பணம் போடாமல் செய்த சோதனைகள். உண்மைப் பணம் போட்டது தேசியப் பங்குச் சந்தையின் டாலர்–ரூபாய் எதிர்கால ஒப்பந்தங்களில், அதாவது பின்னொரு தேதிக்கான விலையை இப்போதே பேசிக்கொள்ளும் ஒப்பந்தங்களில் மட்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மெட்டாட்ரேடர் 5இன் சோதனைக் கருவியில், விலை நகர்வை எப்படி மறுபடி உருவாக்குவது என்பதற்குப் பல வகைகள் உள்ளன. மெழுகுவர்த்தி என்பது ஒரு நேரத் துண்டின் திறப்பு, உச்ச, தாழ்ந்த, முடிவு விலைகளைக் காட்டும் குறி; அவற்றின் திறப்பு விலையை மட்டும் கொண்டு ஓட்டுவது மிக வேகமானது. ஒரு நிமிட மெழுகுவர்த்திகளின் நான்கு விலைகளைக் கொண்டு ஓட்டுவது அடுத்தது. ஒவ்வொரு டிக்கையும், அதாவது ஒவ்வொரு சிறு விலை மாற்றத்தையும், கணித்து ஓட்டுவது இன்னொன்று. அதில் வரும் டிக்குகள் ஒரு நிமிடத் தரவுக்கு நடுவில் மென்பொருளே நிரப்பிக்கொள்பவை. கடைசி வகைதான் அசல் டிக்குகளைக் கொண்டு ஓட்டுவது. அன்றைக்குத் தரகரின் சர்வரில் பதிவான ஸ்பிரெட்டும் அதில் சேர்ந்து வரும். முப்பது பிப் இலக்கு வைக்கும் ரோபோவுக்கு முதல் இரண்டு வகைகள் தொடக்கநிலைத் தேர்வுக்குப் போதும். எங்கள் இரவு ரோபோவைப்போல ஆறு பிப் இலக்கு வைப்பதற்கு அசல் டிக் அல்லாத எந்தச் சோதனையும் செல்லாது. ஒரே நிமிடத்துக்குள் இலக்கும் ஸ்டாப்பும் இரண்டுமே தொடப்பட்டிருந்தால், எது முன்னால் தொடப்பட்டது என்பது நிரப்பப்பட்ட டிக்குகளுக்குத் தெரியாது. அந்த வரிசையை மென்பொருள் ஊகிக்கிறது, அந்த ஊகம் நம் லாபக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இரவு ரோபோவின் கணக்கை அன்று காலையே ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். 2017 முதல் 2020 வரை 1,200 வர்த்தகங்கள், மொத்த லாபம் 1,680 பிப். அதாவது ஒரு வர்த்தகத்துக்குச் சராசரி 1.4 பிப். ஸ்பிரெட்டும், கேட்ட விலைக்கும் கிடைத்த விலைக்குமான வித்தியாசமாகிய ஸ்லிப்பேஜும் சேர்ந்து நாம் நினைத்ததைவிட வர்த்தகத்துக்கு 0.8 பிப் கூடுதலாகப் போனால், 960 பிப் கழிந்து 720தான் மிஞ்சும். கூடுதல் செலவு 1.5 பிப் ஆனால் 120 பிப் நஷ்டம். நான்கு ஆண்டு உழைப்பின் உயிர், ஒரு பிப்புக்கும் சற்றே கூடுதலான ஒரு தொகையில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து எந்த ரோபோவின் அறிக்கை வந்தாலும் நான் முதலில் பார்ப்பது மொத்த லாபத்தையல்ல; மொத்த லாபத்தை வர்த்தக எண்ணிக்கையால் வகுத்து, அந்தச் சராசரி ஸ்பிரெட்டைப்போல எத்தனை மடங்கு என்று பார்க்கிறேன். மூன்று மடங்குக்குக் கீழே இருந்தால் அந்த ரோபோவை நாங்கள் மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை. மூன்று என்பது விதியன்று, எங்கள் பட்டறிவில் நின்ற அளவு. செலவை இரண்டு மடங்காக வைத்து ஒரு முறை ஓட்டிப் பார்ப்பதும் இதே நோக்கத்துக்காகத்தான்.

அடுத்தது ஆப்டிமைசேஷன், அதாவது ரோபோவின் அளவுகளை மாற்றி மாற்றி ஓட்டிச் சிறந்தவற்றைத் தேடுவது. இதைத்தான் நான் அதிக நாள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். ஒரு ரோபோவில் ஐந்து எண்களை மாற்றலாம், ஒவ்வொன்றுக்கும் இருபது மதிப்புகள் என்று வைத்துக்கொண்டால், சேர்க்கைகள் 32 லட்சம் ஆகிவிடுகின்றன. எல்லாவற்றையும் ஓட்ட நாட்கணக்கில் ஆகும் என்பதால், மரபணு முறை என்ற வேகமான தேடல் ஒன்று மென்பொருளில் இருக்கிறது. நன்றாகத் தேறிய சேர்க்கைகளைக் கலந்து அடுத்த தலைமுறையை உருவாக்கி, அவற்றில் சிறந்தவற்றை மீண்டும் கலந்து, சில ஆயிரம் ஓட்டங்களிலேயே உச்சிக்கு அருகில் போய்விடும். முடிவுப் பட்டியலின் முதல் வரியைத் தேர்ந்தெடுத்து, “பாருங்க மாமா, கோடு எப்படி ஏறுதுன்னு” என்று அவன் காட்டும்போது எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது. அந்த முதல் வரிகளை டெமோவில் ஓட்டியபோது, ஒன்றன்பின் ஒன்றாக அத்தனையும் இரண்டு மூன்று மாதங்களில் சரிந்தன.

ஏன் என்று புரிந்துகொள்ள ஒரு சோதனை செய்தோம். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நீங்கள் செய்து பார்ப்பதானால் இதைச் செய்து பாருங்கள். சந்தையை எட்டிக்கூடப் பார்க்காத ஒரு ரோபோவை அவன் எழுதினான். தினமும் குறிப்பிட்ட நேரத்தில் அது கணினியின் தற்செயல் எண்ணைக் கேட்டு, வாங்குவதா விற்பதா என்று முடிவெடுக்கும். இலக்கும் ஸ்டாப்பும் சம தூரம். தற்செயல் எண்களின் வரிசை எந்த விதை எண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்பது மட்டும்தான் அதில் மாற்றக்கூடிய ஒரே அளவு. விதையை 1 முதல் 5,000 வரை ஓட்டி ஆப்டிமைஸ் செய்தோம். முதலிடத்தில் வந்த விதையின் லாபக் கோடு, நாங்கள் ஓராண்டு உழைத்து எழுதிய ரோபோக்களின் கோடுகளைவிடச் சீராக ஏறியது. லாப விகிதம் நன்று, டிராடவுன் (உச்சத்திலிருந்து கணக்கு இறங்கிய அளவு) குறைவு, நான்கு ஆண்டுகளும் லாபம். அந்த ரோபோவுக்குள் எந்த அறிவும் இல்லை என்று தெரிந்தும், அந்தக் கோட்டைப் பார்த்தபோது அதை நம்பத் தோன்றியது. அதே விதையை அடுத்த ஆண்டின் தரவில் ஓட்டினோம். நாணயம் சுண்டிப் போட்டதைப் போலத்தான் இருந்தது, செலவு கழிந்து நஷ்டம்.

கணக்கு எளிது. 1,024 பேர் ஆளுக்குப் பத்து முறை நாணயம் சுண்டினால், பத்து முறையும் தலை விழுந்த ஒருவர் சராசரியாக அவர்களில் இருப்பார். அவரை மட்டும் மேடையேற்றிக் காட்டினால் அவர் கை ராசிக்காரராகத் தெரிவார். ஆப்டிமைசேஷன் பட்டியலின் முதல் வரி அந்த மேடையில் நிற்பவர். ஆகவே ஒரு முடிவு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்ற கேள்வியோடு, அதைக் கண்டுபிடிக்க எத்தனை முடிவுகளைத் தள்ளினோம் என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும். இப்போது ஒவ்வொரு ரோபோவுக்கும் ஒரு நீளக் கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறேன். எந்தத் தேதியில், எந்த யோசனையை, எத்தனை சேர்க்கைகளோடு சோதித்தோம், என்ன காரணத்தால் கைவிட்டோம் என்று கையால் எழுதுகிறேன். தோற்ற சோதனைகளை எழுதாத புத்தகம், செலவுப் பக்கத்தைக் கிழித்துவிட்ட பேரேடு போன்றது.

அந்தப் பட்டியலை இப்போது எப்படிப் படிக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் வரியை விட்டுவிட்டு, அதன் அக்கம்பக்கத்தைப் பார்க்கிறோம். விலையின் சராசரியைக் கணக்கிடும் நாட்கள் 17 என்று வைத்தால் பெரிய லாபம், 16க்கும் 18க்கும் நஷ்டம் என்றால், அந்த 17 கடந்த காலத்தின் இரண்டு மூன்று பெரிய நகர்வுகளோடு தற்செயலாகப் பொருந்தியிருக்கிறது என்று பொருள். 30 முதல் 45 வரை எதை வைத்தாலும் ஏறத்தாழ ஒரே அளவான நடுத்தர லாபம் வருகிறது என்றால், அங்கே சந்தையின் இயல்பு ஏதோ பிடிபட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த மேட்டு நிலத்தின் நடுவிலிருந்து ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறோம். அது பட்டியலில் இருநூறாவது இடத்தில் இருந்தாலும் கவலையில்லை. ஐந்து அளவுகளை மாற்றுவதற்குப் பதிலாக இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். நூறு வர்த்தகங்களுக்குக் குறைவான முடிவைப் பார்ப்பதே இல்லை. பெரிய லாபம் தந்த ஐந்து வர்த்தகங்களை நீக்கிவிட்டு மீதியைக் கூட்டிப் பார்க்கிறோம். அதில் லாபம் மறைந்தால், அந்த ரோபோ அந்த ஐந்து நாட்களின் கதை மட்டுமே.

தரவைப் பிரிப்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. ஒரு பகுதியில் அளவுகளைத் தேர்ந்தெடுத்து, ரோபோ பார்க்காத மீதிப் பகுதியில் ஓட்டிப் பார்ப்பதற்கு மெட்டாட்ரேடர் 5இலேயே வசதி இருக்கிறது. பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று ஒதுக்கலாம். இன்னும் நல்ல முறை, இரண்டு ஆண்டுத் தரவில் தேர்ந்தெடுத்து அடுத்த ஆறு மாதத்தில் ஓட்டுவது, பிறகு ஆறு மாதம் முன்னால் நகர்ந்து மீண்டும் தேர்ந்தெடுத்து அடுத்த ஆறு மாதத்தில் ஓட்டுவது என்று படிப்படியாக நடப்பது. அந்த ஆறு மாதத் துண்டுகளை மட்டும் ஒட்டி வருவதுதான் உண்மைக்கு அருகிலான கோடு. ஆனால் இதிலும் எங்களை நாங்களே ஏமாற்றிக்கொள்ளும் வழியொன்றைக் கண்டுபிடித்துவிட்டோம். ஒதுக்கி வைத்த பகுதியில் ரோபோ தோற்றதும், நிரலில் ஒரு நிபந்தனையை மாற்றி மீண்டும் ஓட்டினோம். தோற்றதும் மறுபடி மாற்றினோம். ஏழாவது முறை தேறியது. அதற்குள் அந்தப் பகுதியை ரோபோ பார்க்கவில்லை என்றாலும் நாங்கள் ஏழு முறை பார்த்துவிட்டோம், எங்கள் வழியாக அதுவும் பார்த்துவிட்டது. இப்போது கடைசி ஓராண்டுத் தரவைத் தனிக் கோப்பில் வைத்திருக்கிறோம். ஒரு ரோபோவுக்கு ஒரே ஒரு முறைதான் அதைத் திறப்போம், தோற்றால் அந்த யோசனையை மூடிவிடுவோம்.

இடையில், 2022இல், இராயபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக்கடைக்காரருக்கு யாரோ ஒரு ரோபோவை விற்க வந்தார்கள். பத்து வர்த்தகத்தில் ஒன்பதுக்கு மேல் லாபம் என்று காட்டும் அறிக்கை, நேராக மேலே ஏறும் கோடு, விலை நாற்பதாயிரம் ரூபாய். “நீங்க கணக்கு தெரிஞ்சவரு, ஒரு தடவ பாத்துச் சொல்லுங்கண்ணே” என்று அந்த அறிக்கையை என்னிடம் கொடுத்தார். வர்த்தகப் பட்டியலில் லாட் அளவு, அதாவது எவ்வளவு வாங்கியது என்பது, நிற்கும் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படித்தேன்: 0.01, 0.02, 0.04, 0.08. நஷ்டத்தில் நிற்கும்போதெல்லாம் இருபது பிப் தள்ளி இரட்டிப்பாக வாங்கிக்கொண்டே போகும் ரோபோ அது. எட்டாவது படியில் 1.28 லாட், மொத்தம் 2.55 லாட். யூரோ–டாலரில் ஒரு லாட்டுக்கு ஒரு பிப் 10 டாலர். ஆகவே எட்டாவது படியைத் திறக்கும் நொடியில், முதல் விலையிலிருந்து 140 பிப் எதிராக நகர்ந்திருக்கும், மிதக்கும் நஷ்டம் 494 டாலர். அதன் பிறகு புதிதாக எதுவும் வாங்காவிட்டாலும் ஒவ்வொரு இருபது பிப்புக்கும் 510 டாலர் சேரும். இன்னும் அறுபது பிப் எதிராகப் போனால் மொத்தம் 2,024 டாலர். 2,000 டாலர் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

இருநூறு பிப் அளவுக்குத் திரும்பாமல் ஒரே திசையில் நகர்வது அரிது என்பதால் அறிக்கையில் வெற்றி விகிதம் உயர்ந்து நிற்கிறது. அரிதானது வராமல் இருப்பதில்லை. 2016 ஜூன் 24 அன்று, பிரிட்டன் வாக்கெடுப்பின் முடிவு வந்த இரவில், பவுண்டு ஏறத்தாழ 1.50 டாலரிலிருந்து சில மணி நேரத்தில் 1.33க்கும் கீழே போனது. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் தேசிய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று தான் காத்துவந்த எல்லையைக் கைவிட்டபோது, ஸ்டாப் லாஸ் வைத்திருந்தவர்களுக்குக்கூட அந்த விலை கிடைக்கவில்லை. விற்க வந்தவரின் அறிக்கை ஒரு அமைதியான பதினான்கு மாதத்தை மட்டும் காட்டியது. கடைக்காரரிடம் இந்த இரண்டு தேதிகளை எழுதிக் கொடுத்து, அந்த மாதங்களில் ஓட்டிக் காட்டச் சொல்லும்படி சொன்னேன். அதன் பிறகு விற்க வந்தவர் திரும்பி வரவில்லை.

உண்மைப் பணத்துக்கு வருகிறேன். தேசியப் பங்குச் சந்தையில் டாலர்–ரூபாய் எதிர்கால ஒப்பந்தம் 2008 ஆகஸ்டில் தொடங்கியது; ஒரு லாட் 1,000 டாலர், மிகக் குறைந்த விலை நகர்வு 0.0025 ரூபாய், அதாவது லாட்டுக்கு இரண்டரை ரூபாய். சிறிய தொகையில் கற்றுக்கொள்ள ஏற்ற சந்தை என்று நினைத்தோம். இந்த ரோபோவை அக்கா மகன் பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதினான், சோதனைக் கருவியையும் அவனே எழுதினான். முதல் ஓட்டத்தில் பத்துக்கு எட்டு வர்த்தகம் லாபம். அந்த எண்ணைப் பார்த்ததும் மகிழாமல் நிரலைத் தேடத் தொடங்கியதுதான், அதற்குள் நாங்கள் கற்றிருந்த பாடத்தின் பயன். மூன்று நாள் தேடியபின் பிழை அகப்பட்டது: ஒவ்வொரு மணி நேர மெழுகுவர்த்தியோடும் அந்த நாளின் உச்ச விலையைச் சேர்க்கும் வரி, காலை பத்து மணி மெழுகுவர்த்திக்கும் அன்று மாலை ஐந்து மணி வரையிலான உச்சத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது. ரோபோ நாளையை முன்கூட்டியே படித்துக்கொண்டிருந்தது. நேற்றைய உச்சத்தைக் கொடுத்ததும் வெற்றி விகிதம் பாதிக்குச் சற்று மேலே வந்து நின்றது. உங்கள் நிரலிலும் எல்லாத் தரவுகளையும் ஒரு மெழுகுவர்த்தி பின்னால் தள்ளி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். லாபம் சற்றுக் குறைந்தால் இயல்பு. அடியோடு மறைந்தால், எதிர்காலம் எங்கோ கசிகிறது.

ரூபாய்ச் சந்தைக்கே உரிய வேறு இரண்டு சிக்கல்கள் உண்டு. இங்கே வர்த்தகம் காலை ஒன்பது மணிக்குத் தொடங்குகிறது, வெளிநாடுகளிலோ ரூபாயின் விலை இரவிலும் நகர்கிறது. ஆகவே காலையில் விலை நம் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்த் திறக்கும், நமக்குக் கிடைப்பது திறப்பு விலைதான். எங்கள் சோதனைக் கருவி ஸ்டாப் விலையிலேயே வெளியேறியதாக எழுதிக்கொண்டிருந்தது. இரண்டாவது, எதிர்கால ஒப்பந்தங்கள் மாதந்தோறும் முடிந்து புதியவை வருகின்றன. நம் வட்டி அமெரிக்க வட்டியைவிட உயர்ந்திருப்பதால் அடுத்த மாத ஒப்பந்தம் பொதுவாகக் கூடுதல் விலையில் நிற்கும். இரண்டையும் அப்படியே ஒட்டினால், ஒட்டிய இடத்தில் நடக்காத ஓர் ஏற்றம் தோன்றும், ரோபோ அதில் லாபம் எழுதிக்கொள்ளும்.

இவற்றையெல்லாம் திருத்தி, எட்டு மாதம் ஒரே ஒரு லாட்டில் ஓட்டினோம். 96 வர்த்தகங்கள், மொத்த லாபம் 3,900 ரூபாய். ஓர் ஆணைக்கு இருபது ரூபாய் தரகு. வாங்க, விற்க நாற்பது. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து வர்த்தகத்துக்கு 47.20 ரூபாய். 96 வர்த்தகத்துக்கு 4,531 ரூபாய். லாபம் எழுதிய ரோபோ 631 ரூபாய் நஷ்டம் கொண்டுவந்தது, சந்தைக் கட்டணங்கள் தனி. ஒரு லாட்டுக்கு அந்தச் செலவு மட்டுமே ஏறக்குறைய ஐந்து பைசா நகர்வுக்குச் சமம். அதோடு, நாங்கள் தேர்ந்தெடுத்த அளவுகள் 2018 முதல் 2022 வரையிலான தரவில் பிறந்தவை. 2018இல் 64ஐ ஒட்டியிருந்த டாலர் அந்த ஆண்டு அக்டோபரிலேயே 74ஐத் தொட்டது, 2022இல் 83க்கு வந்தது. எல்லையை உடைத்துக்கொண்டு ஓடும் விலையைத் துரத்தும்படி ரோபோ பழகியிருந்தது. 2023 முழுவதும் டாலர் ஏறத்தாழ 81க்கும் 83.40க்கும் நடுவிலேயே நின்றுவிட்டது. ரோபோவில் எந்தப் பிழையும் இல்லை. அது பிறந்த சந்தைதான் இல்லாமல் போய்விட்டது. ஒரு ரோபோவை நிறுத்தும் நிபந்தனையை ஓட்டத் தொடங்குமுன்பே எழுதி வைக்க வேண்டும் என்பதை இங்கேதான் கற்றேன். சோதனையில் கண்ட மிகப் பெரிய டிராடவுனின் ஒன்றரை மடங்கைத் தொட்டால் நிறுத்துவது என்பது எங்கள் எல்லை.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், மூன்று நாள் மின்சாரம் இல்லை. டெமோ கணக்கில் யூரோ–டாலர் ரோபோ ஒன்று வாங்கி வைத்திருந்த நிலையோடு கணினி அணைந்தது. அந்த ரோபோவின் ஸ்டாப் லாஸ் சர்வரில் பதியப்படாமல், நிரலின் நினைவில் மட்டும் இருந்தது. ஸ்டாப் எங்கே இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாமலிருக்க அப்படி எழுதுவது ஒரு பழக்கம். அந்த வாரம் யூரோ 1.09க்கு அருகிலிருந்து 1.08க்குக் கீழே இறங்கியது. மின்சாரம் வந்து கணினியைத் திறந்தபோது, நாற்பது பிப்பில் வெளியேறியிருக்க வேண்டிய நிலை நூறு பிப்புக்கு மேல் நஷ்டத்தில் திறந்தே கிடந்தது. அதோடு முடியவில்லை. மீண்டும் இயங்கத் தொடங்கிய ரோபோவுக்குத் தான் முன்பு திறந்த நிலை நினைவில் இல்லை. இரண்டாவதாக ஒன்றையும் திறந்தது. எந்த பேக்டெஸ்ட்டிலும் மின்சாரம் போவதில்லை. இப்போது எங்கள் ரோபோக்கள் ஆணை அனுப்பும்போதே ஸ்டாப்பைச் சர்வரில் பதிகின்றன, தொடங்கியதும் கணக்கில் ஏற்கெனவே திறந்திருக்கும் நிலைகளைப் படித்துக்கொள்கின்றன, வாடகைச் சர்வரில் இயங்குகின்றன. மாதம் ஒரு முறை, நிலை திறந்திருக்கும்போதே வேண்டுமென்று நிறுத்தி மீண்டும் தொடங்கிப் பார்க்கிறோம்.

2024 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தையின் ரூபாய் ஒப்பந்தங்களில் இறங்குவோருக்கு உண்மையான அந்நியச் செலாவணி இடர் இருக்க வேண்டும் என்பதை வலியுறுத்திச் சுற்றறிக்கை வெளியிட்டது. மே 3 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சம்பளக்காரனாகிய எனக்கு அப்படி எந்த இடரும் இல்லை. ஆகவே அந்தக் கணக்கை மூடிவிட்டேன். அக்கா மகன் இப்போது ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் காலடிப்பேட்டையிலிருந்து வந்து டெமோ ரோபோக்களைப் பார்த்துவிட்டுப் போகிறான்.

மாத முடிவில் நான் செய்யும் வேலை ஒன்று மட்டும் மாறவில்லை. அலுவலகத்தில் நம் பேரேட்டையும் வங்கியின் அறிக்கையையும் வரிக்கு வரி ஒப்பிட்டுச் சரிக்கட்டுப் பட்டியல் போடுவதுபோல, அந்த மாதத்து டெமோ வர்த்தகங்களையும், அதே மாதத்தின் தரவில் சோதனைக் கருவி ஓட்டிக் காட்டும் வர்த்தகங்களையும் இரு பத்திகளில் எழுதி ஒப்பிடுகிறேன். லாபமா நஷ்டமா என்பது அதில் இரண்டாம் பட்சம்; இரண்டு பத்தியும் ஒத்துப்போகாத ஒவ்வொரு வரிக்கும் காரணம் கண்டுபிடித்தாக வேண்டும். 2025 நவம்பரில் பட்டியல் போட்டபோது, அக்டோபர் கடைசி வாரத்து வர்த்தகங்கள் நான்கு ஒரு மணி நேரம் விலகி நின்றன. ஐரோப்பாவில் கோடைக்காலக் கடிகாரம் அக்டோபர் 26 அன்று முடிந்தது, அமெரிக்காவில் நவம்பர் 2 அன்று. டெமோ சர்வரின் கடிகாரம் அமெரிக்க நாட்காட்டியில் மாறுகிறது. நாங்கள் வேறிடத்தில் பெற்ற சோதனைத் தரவின் கடிகாரம் ஐரோப்பிய நாட்காட்டியில் மாறுகிறது. லண்டன் திறப்பை நம்பி இயங்கும் ரோபோ அந்த ஒரு வாரம் முழுவதும், நம் நேரப்படி ஒன்றரை மணிக்குப் பதிலாகப் பன்னிரண்டரை மணிக்கே இறங்கிவிட்டது. ஒவ்வொரு மார்ச்சிலும் அமெரிக்கக் கடிகாரம் முன்னதாக மாறும், ஐரோப்பா மாதக் கடைசி வரை காத்திருக்கும். அடுத்த மார்ச்சுக்குள் அந்த நேரக் கணக்கைத் திருத்திவிட்டு, 2017 முதல் எல்லா ஆண்டுகளின் அந்த வாரங்களையும் மீண்டும் ஓட்ட வேண்டும்.